ராத்திரியும் ஆறாத வெக்கை

சித்திரை பிறந்து மூன்று வாரம் ஆனதும் கத்திரி வந்து உட்கார்ந்துவிடும். மே 4-ம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாள்களில் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் ஓர் அழகான வழக்கம் உண்டு. மூலவருக்கு மேலே தாரா பாத்திரத்தைக் கட்டிவிடுவார்கள். அதிலிருந்து லிங்கத்தின் மீது துளித்துளியாக நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இதற்குத் தாராபிஷேகம் என்று பெயர்.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னித் தலம். கிருத யுகத்தில் நெருப்பு மலையாக நின்றவர், கலியுகத்து மனிதர்கள் தாங்க மாட்டார்கள் என்று கல்மலையாகக் குளிர்ந்து நிற்கிறார் என்பது தலபுராணம். அப்படி நெருப்பே வடிவான சாமிக்கும் கத்திரி வெயிலில் உடம்பு காந்துமே என்று கவலைப்பட்டு, சொட்டுச் சொட்டாகக் குளிர்விக்கிறது இந்த ஊர்.

சாமிக்குச் சரி. ஆசாமிகளுக்கு?

மாட வீதியில் பூக்கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், வெயில் காலத்தில் ஒரே மாதிரியான பதில்தான் வரும். "பகல் வெயிலைக்கூடப் பொறுத்துக்கலாம்ங்க. ராத்திரிப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லுது."

இது வெறும் புலம்பல் இல்லை. வானிலை அறிவியலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு கோடையிலும் 'இன்று சதமடித்த ஊர்கள்' என்று வேலூர், திருத்தணி பட்டியலை வாசிக்கிறார்கள். அது பகல் கணக்கு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'குறைந்தபட்ச வெப்பநிலை' என்று இன்னோர் எண் இருக்கும். அதுதான் இரவின் கணக்கு. நம் தூக்கம், மாவு, மாடு, நெல், கிரிவலம் எல்லாம் அந்தச் சின்ன எண்ணில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பூமி போர்த்திய கம்பளி

பகலில் சூரியன் பூமியைச் சூடேற்றுகிறது. பொழுது சாய்ந்த பிறகும் பூமி அந்தச் சூட்டை வானத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக அது போகும். விடியற்காலை வரை இந்த வேலை நடப்பதால்தான், சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி நாளின் குளிர்ந்த பொழுது அமைகிறது.

இந்தச் சூடு போகிற வழியில் குறுக்கே நிற்பவை கரியமில வாயு, மீத்தேன், நீராவி போன்றவை. கம்பளி போல இவை சூட்டைப் பிடித்துவைக்கின்றன. கம்பளி கொஞ்சம் இருப்பது நல்லதுதான். இல்லாவிட்டால் பூமி உறைந்துபோயிருக்கும். பிரச்னை, அது தடித்துக்கொண்டே போவதில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் என்று நாம் எரித்ததன் மிச்சம் இது.

கம்பளி தடித்தால் பகலும் சூடாகும், இரவும் சூடாகும். ஆனால், உலகின் பல இடங்களில் பகலைவிட இரவுதான் வேகமாகச் சூடாகியிருக்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 1901-லிருந்து பதிவான ஆண்டுகளிலேயே அதிக வெப்பமான ஆண்டு 2024. அந்த ஆண்டில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 0.20 டிகிரி செல்சியஸ்தான் கூடியது. குறைந்தபட்ச வெப்பநிலையோ 0.90 டிகிரி கூடியது. அதாவது, அந்த ஆண்டைச் சூடான ஆண்டாக்கியதில் பகலைவிட இரவுக்கே பெரும்பங்கு.

'முக்கால் டிகிரி, ஒரு டிகிரியெல்லாம் ஒரு விஷயமா?' என்று தோன்றலாம். நம் உடம்புக்கு 98.4 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 100-ஐத் தொட்டாலே கஷாயம் வைக்கிறோம். அந்த வித்தியாசமும் செல்சியஸ் கணக்கில் ஒரு டிகிரியை ஒட்டித்தான் வரும்.

கல், தார், மொட்டை மாடி

உலகத்துக்குப் பொதுவான கம்பளி ஒருபக்கம் இருக்கட்டும். ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு போர்வையைத் தானே நெய்துகொள்கிறது. திருவண்ணாமலைக்கு அதில் தனிக்கதை உண்டு.

ஊரின் நடுநாயகமாக 2,668 அடி உயரத்தில் நிற்பது கருங்கல் மலை. கல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். பகல் முழுக்க வெயிலை வாங்கிய பாறை, மாலை மயங்கிய பிறகும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். மலையின் மேல் மரம் இருந்தால் பாறைக்கு நிழல் கிடைக்கும். மொட்டையாக இருந்தால் கிடைக்காது. ஒருகாலத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் கரைந்துபோன இந்த மலையின் பசுமையை மீட்க, 1980-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகள் போடுவதும் அந்த வேலையில் ஒன்று. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் பல வருட உழைப்பு ஒரு மாலையில் சாம்பலாகிவிடும்.

மலையடிவாரத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. தார்ச்சாலை உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடியது. முட்டை பொரியாவிட்டாலும் பாதம் பொரிந்துவிடும். அதன் மேல் ஒரு புங்க மரமோ புளிய மரமோ நிழல் விரித்தால், அந்த இடத்தில் சாலை சூட்டைச் சேமிக்கவே வாய்ப்பில்லை. 2016-ல் பாதையை அகலப்படுத்துவதற்காக மரங்களை வெட்டியபோது எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அன்று பலர் மரத்துக்காகப் பேசினார்கள். அது வெறும்காலோடு நடக்கும் பாதங்களுக்கான பேச்சும்தான்.

வீடுகளும் மாறிவிட்டன. முற்றமும் திண்ணையும் ஓடும் இருந்த வீட்டில் சூடு மேலேறி வெளியே போக வழி இருந்தது. இன்றைய கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்கு மேல் படுக்கையறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசுகிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு வாளித் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, தாத்தா கதை சொல்ல, வரிசையாகப் படுத்த காலம் இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய சினிமாக் காட்சி.

வசதி உள்ளவர்கள் ஏ.சி. போட்டுக்கொள்கிறார்கள். அது அறைக்குள் இருந்த சூட்டை எடுத்துத் தெருவுக்குத் தள்ளுகிறது. அந்தத் தெருவில் நடைபாதைக் கடைக்காரரும், ஆசிரம வாசலில் படுத்திருக்கும் சாதுக்களும் இருக்கிறார்கள். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. அந்த மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியில் இருந்து வருவதால், நாம் குளிரக் குளிர அந்தக் கம்பளி தடிக்கிறது.

கிரிவலமும் உடம்பும்

பௌர்ணமி கிரிவலம் இரவில் நடப்பதற்கு ஆன்மிகக் காரணங்கள் இருக்கின்றன. உடம்புக்கும் ஒரு காரணம் இருந்தது. நிலா வெளிச்சம், குளிர்ந்த தரை, மலைக்காற்று. எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுச் சுற்றி வந்துவிடலாம்.

சித்ரா பௌர்ணமிக்குத்தான் லட்சக்கணக்கில் கூட்டம் வரும். 2025-ல் அது மே 12-ஐ ஒட்டி வந்தது. அதாவது, அக்னி நட்சத்திரத்தின் நட்டநடுவில். அப்படிப்பட்ட இரவில் ஆறேழு மணிக்குக் கிளம்புகிறவரின் காலடியில் இருப்பது பகல் முழுக்கச் சுட்ட தார். தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் காற்றும் நகராது. இரவு ஏற ஏறக் காற்றில் ஈரப்பதம் கூடுவதால் வியர்வை சட்டென்று காயாது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகக் காயும்போதுதான் குளிர்கிறது. காயாவிட்டால், நனைந்த சட்டையோடு உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்போம்.

14 கிலோமீட்டரை நடக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். புழுக்கத்தில் நடந்தால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை போகலாம். தண்ணீரோடு உப்பும் போகும். இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை எடுப்பவர்களும் முதலில் பாதிக்கப்படுவார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தார் சுடுவதே தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள்.

நடக்காமல் வீட்டில் இருப்பவர்களுக்கும் விடுதலை இல்லை. தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். இரவு குளிராவிட்டால் அது இறங்காது. புரண்டு புரண்டு படுப்பதுதான் மிச்சம். 68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்களின் கைப்பட்டைப் பதிவுகளை வைத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, சூடான இரவுகளால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரத் தூக்கத்தை இழக்கிறார் என்றது. முதியவர்கள், பெண்கள், வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். பகலில் வெயிலில் வேலை செய்தவரின் இதயம் ஓய்வெடுப்பது இரவில்தான். அந்த ஓய்வும் போய்விட்டால், மறுநாள் வெயில் அவரை இரண்டு மடங்காகத் தாக்கும். அதனால்தான் வானிலை ஆய்வுத் துறை 'வெப்ப இரவு' என்று தனியாகவே எச்சரிக்கிறது. பகல் 40 டிகிரியைத் தொட்ட நாளில், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருந்தால் அந்தப் பெயர்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் கொடுத்த இடத்தை வெயிலுக்கும் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு அது ஓர் ஒப்புதல்.

அடுப்படியில் புளிக்கும் கணக்கு

இரவின் சூட்டை வானிலை மையத்துக்கு முன்பே கண்டுபிடிப்பவர்கள் நம் வீட்டு அம்மாக்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கரைத்து வைத்த இட்லி மாவு, காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையில் ஓடினால், அன்று குறைந்தபட்ச வெப்பநிலை கூடிவிட்டது என்று அர்த்தம்.

மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி வாக்கில் கொண்டாட்டம். முன்பு நள்ளிரவுக்கு மேல் வெப்பம் இறங்கும்போது அவை நிதானமாகிவிடும். காலையில் பதமாக இருக்கும். இப்போது ராத்திரி முழுக்க அதே வேகம். கோடையில் மாவு அரைக்கக் குளிர்ந்த நீரை ஊற்றுவது, வெந்தயத்தைக் குறைப்பது, கரைத்த மூன்று நான்கு மணி நேரத்தில் பார்த்து ஃபிரிட்ஜில் வைப்பது என்று அடுப்படி தன் கணக்கை ஏற்கெனவே மாற்றிக்கொண்டுவிட்டது.

பழைய சோறும் அப்படித்தான். மண்பானையில் நீரூற்றி வைத்த சோறு விடியலில் லேசான புளிப்போடு இருந்தால் அமுதம். ராத்திரி ஆறாத வீட்டில் அது வாடை அடிக்கத் தொடங்கிவிடும். பானையை ஈர மணல் மேல் வைத்து, ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைக்கும் பழைய முறை இன்றும் உதவும். வழுவழுப்போ கெட்ட வாடையோ இருந்தால் மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுவதுதான் நல்லது.

வீட்டில் ஒரு பானை கெட்டால் நான்கு பேருக்கு வயிறு சரியில்லாமல் போகும். அன்னதானத்தில் கெட்டால்? கிரிவலப் பாதையில் பசித்தவருக்குச் சோறு போடுவது இந்த ஊரின் பெருமை. புளியோதரை, எலுமிச்சை சாதம் நீண்ட நேரம் தாங்கும். புளிப்பு அதற்குக் காவல். சாம்பார் சாதம், வெண்பொங்கல், தயிர் சாதம் அப்படி இல்லை. சோற்றில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவு கைபொறுக்காத சூட்டில், அதாவது 60 டிகிரிக்கு மேல், இருக்க வேண்டும். ஆறிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். 32 டிகிரியைத் தாண்டிய புழுக்கத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மதியம் சமைத்து நள்ளிரவு வரை வைத்திருப்பதைவிட, இரண்டு மூன்று தடவையாகச் சமைத்து இறக்குவது புண்ணியத்தைக் குறைக்காது.

கழனியில் கரையும் நெல்

ஊரை விட்டு வெளியே வந்தால் கழனி. ஆரணி அரிசியின் பெயரைக் கேட்காத தமிழ்ச் சமையலறை இருக்காது. அந்த ஆரணி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நெற்பயிருக்கும் மனிதர்களைப் போலவே இரவுதான் பிரச்னை.

நெல் பகலில் வெயிலை வாங்கி மாவுச்சத்தைச் சம்பாதிக்கிறது. இரவில் சுவாசிக்கிறது. சுவாசிக்கச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். இரவு சூடானால் சுவாசம் வேகமாகும், செலவு கூடும். கதிருக்குப் போக வேண்டியது காற்றில் போய்விடும். பகலெல்லாம் உழைத்துச் சேர்த்ததை ராத்திரியில் உட்கார்ந்து தின்பது மாதிரி.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இதை அளந்தே பார்த்தார்கள். 1979-லிருந்து 2003 வரை அங்கே சராசரி அதிகபட்ச வெப்பநிலை 0.35 டிகிரிதான் உயர்ந்திருந்தது. குறைந்தபட்ச வெப்பநிலை 1.13 டிகிரி உயர்ந்திருந்தது. கோடைப் பருவப் பயிரில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் விளைச்சல் 10 சதவிகிதம் குறைந்ததாக 2004-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நவரைப் பட்டத்திலும் சொர்ணவாரியிலும் கதிர் பிடிக்கிற நேரத்தில் இரவு புழுங்கினால், 'நல்லாத்தான் இருந்துச்சு, பதர் ஏன் இவ்ளோ?' என்று களத்தில் நிற்கும் விவசாயிக்கு இதுவும் ஒரு விடை.

மானாவாரி நிலத்தில் மல்லாட்டை. கடலை என்று வெளியூரில் சொல்வதை இந்தப் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். அதன் மஞ்சள் பூ விடியற்காலையில் மலரும். பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும். பூக்கும் பருவத்தில் வெப்பம் கூடினால் மகரந்தம் வீணாகி, இறங்கும் விழுதின் எண்ணிக்கை குறையும். செடி பச்சைப்பசேல் என்று இருக்கும். பிடுங்கினால் காய் எண்ணிக்கைதான் கையைக் கடிக்கும்.

கொட்டகையில் மாடு. கலப்பினப் பசுக்களுக்கு வெக்கை ஆகாது. பகலில் தீவனத்தைக் குறைத்துக்கொண்டு, இரவில் குளிர்ந்த பிறகு தின்று ஈடுகட்டும். இரவும் குளிராவிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், பால் குறையும். நாட்டு மாடுகள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கார்த்திகையில் மலையுச்சியில் தீபம் எரிய டன் கணக்கில் நெய் வேண்டும். அதுவும் ஏதோ ஒரு கொட்டகையில் கறந்த பாலில் இருந்துதானே வர வேண்டும்?

இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விளைகிறது. குறைந்த தண்ணீரில், வெப்பத்தைத் தாங்கி, சில மாதங்களில் கைக்கு வந்துவிடும் பயிர் அது. வாரத்தில் இரண்டு நாள் சாமைச் சோறோ சாமைப் பொங்கலோ வைத்தால், உடம்புக்கும் நல்லது, வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் விவசாயத்துக்கும் நாம் போடும் ஓட்டு.

அதே காற்றின் மறுமுகம்

சூடான காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். இரவில் நம்மைப் புழுங்கவைக்கும் அதே நீராவிதான், காலம் வரும்போது மழையாகக் கொட்டுகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரைக்கு வந்தும் நகராமல் நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் தத்தளித்தன. டிசம்பர் 1 மாலை, திருவண்ணாமலை மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

அந்த ஒரு மழைக்கு இந்த ஒரு டிகிரிதான் காரணம் என்று கைகாட்டிவிட முடியாது. புயல் நின்று பெய்ததும், சரிவில் வீடுகள் நெருங்கியதும் சேர்ந்த சோகம் அது. ஆனால், சூடான காற்று பெய்யும் மழையைக் கனமாக்குகிறது என்பதில் சந்தேகமில்லை. 12 நாள் கழித்து டிசம்பர் 13-ல் கார்த்திகை தீபம் வந்தது. புவியியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தார்கள். தீபக் கொப்பரையும் நெய்யும் மேலே போயின. பக்தர்களுக்கு மட்டும் அந்த ஆண்டு மலையேற அனுமதி இல்லை. கீழே இருந்தே கைகூப்பினார்கள்.

என்ன செய்யலாம்?

உலகக் கம்பளியை ஒரு வீடு தனியாக மெலிதாக்க முடியாது. ஆனால், ஊரின் போர்வையை ஊரே மெலிதாக்கலாம். கிரிவலப் பாதையில் விட்டுப்போன இடங்களில் நிழல் மரம் வைப்பது, வைத்ததை மூன்று கோடைக்காவது தண்ணீர் ஊற்றிக் காப்பது, சமுத்திரம் ஏரியையும் வேங்கிக்கால் ஏரியையும் குப்பைமேடாக்காமல் வைத்திருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வீட்டு மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பூச்சோ அடித்தால் தளம் வாங்கும் சூடு குறையும். பகலில் ஜன்னலை மூடித் திரை போட்டு, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். கொசுவலை அடித்துவிட்டால் பயமில்லை.

கோடையில் கிரிவலம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

மாலையில் அவசரமாகக் கிளம்பாமல், பௌர்ணமி திதி இருக்கும் நேரத்தைப் பார்த்து நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியலில் முடியுங்கள். தரை ஆறியிருக்கும்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு குடியுங்கள். வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கரைசலும் வேண்டும். இதயம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தை அடிக்கடி பாருங்கள். பருத்திக் காலுறை அணிந்து நடந்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூட வருபவர் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் நடையை நிறுத்திக் காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்ப மயக்கம் இல்லை, உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களை இரவு படுக்கும் முன் ஒருமுறை போனில் கேளுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "ரூம் புழுங்குதா? ஜன்னல் திறந்திருக்கா? தண்ணி பக்கத்துல இருக்கா?" என்றும் கேளுங்கள். 40 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை மின்விசிறி உதவும். ஈரத்துண்டால் கை, கால், கழுத்தைத் துடைத்துக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் இன்னும் நன்றாகக் குளிரும்.

கைப்பேசியில் வானிலையைப் பார்க்கும்போது இனிமேல் பெரிய எழுத்தில் இருக்கும் பகல் கணக்கோடு நிறுத்திவிட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணையும் பாருங்கள். மாவை எப்போது ஃபிரிட்ஜில் வைப்பது, அப்பாவைக் கிரிவலத்துக்கு எத்தனை மணிக்குக் கூட்டிப்போவது, மாட்டுக்கு எப்போது தீவனம் போடுவது என்பதையெல்லாம் அதுதான் சொல்லும்.